இனியன் வாயைத் திறக்கவில்லை

ஜூன் 9, திங்கள்

இனியன் இன்றும் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். அவன் வகுப்பு செல்வராணி டீச்சர்தான் டப்பாவைத் திறந்து காட்டினாள். "வாயில வைக்கான், ஒரு கடி கடிக்கான், துப்பிருதான். எதுக்கும் பல்லப் பாருங்க வடிவு டீச்சர்."

வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்றால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறான். மடியில் போட்டுக் கிச்சுகிச்சு மூட்டினேன். சிரிக்கும்போது பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். கடைசியில் அவன் கொட்டாவி விட்டபோதுதான் பார்த்தேன். முன்பல் நான்கும் ஓரத்தில் அரித்துப் பழுப்பாக இருக்கின்றன. மேலே இடது கடைவாயில் ஒரு பல் முழுக்கக் கறுத்துக் குழிந்திருக்கிறது.

எனக்கு அழுகிற பிள்ளைகளைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எல்.கே.ஜி. டீச்சர். அம்மா கேட்டைத் தாண்டும்வரை அழுதுவிட்டு உடனே விளையாடப் போகும் பிள்ளை ஒன்று. அழாமல் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்கும் பிள்ளை ஒன்று. சட்டையெல்லாம் வாந்தி எடுத்துவைக்கும் பிள்ளை ஒன்று. இனியன் இதில் எதிலும் சேராதவன். யார் கை நீட்டினாலும் போவான். தென்காசி பஸ்ஸில் கண்டக்டர் மடியில் உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டே வருவான். தை மாசம் வரைக்கும் அப்படித்தான் இருந்தான்.

அவர் இருந்தால் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஒரே நடையாக டாக்டரிடம் போயிருப்பார். நான் புதன்கிழமைதான் போக முடியும். பெர்மிஷன் கேட்க வேண்டும். சிலிண்டர் பதிய வேண்டும். இனியன் சீருடையைத் தையல்கடையில் வாங்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் ஹெப்சிபா. என்னைவிட வயதில் சிறியவள்தான். நேரே நாற்காலிக்குக் கூப்பிடாமல் இனியனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் பீய்ச்சும் குழாயை அவன் கையில் கொடுத்துத் தன் உள்ளங்கையில் அடிக்கச் சொன்னாள். அவன் அடித்தான். சிரித்தான். சங்கரன்கோவிலில் இப்படி ஒரு டாக்டர் இருப்பது இதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

அவன் விளையாடும்போதே என்னிடம் நிறையக் கேட்டாள். கைப்பிள்ளையாக இருந்தபோது எப்படி, புது ஆட்களைப் பார்த்தால் ஒதுங்குவானா, கோபம் வந்தால் சீக்கிரம் அடங்குவானா.

"எல்லார்ட்டயும் நல்லா ஒட்டிக்கிடுவான் டாக்டர்."

"முன்னாடி எங்கயாவது ஆஸ்பத்திரியில பயந்திருக்கானா?"

"இல்ல."

"பாட்டில்ல பால் குடிக்கானா? ராத்திரி?"

"அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு."

"அப்பா?"

"வெளியூர்ல இருக்காங்க."

பிறகு அவனை நாற்காலியில் என் மடியில் வைத்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். ஒரு பொத்தானை அழுத்தினாள். நாற்காலி மெல்லச் சாய ஆரம்பித்தது.

அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. முதுகு வில்லாக வளைந்துவிட்டது. என் கன்னத்தில் அவன் தலை இடித்து என் பல்லில் ரத்தம். "நான் முழிச்சிருக்கேன்! நான் முழிச்சிருக்கேன்!" என்று கத்துகிறான். டாக்டர் உடனே நாற்காலியை நிமிர்த்திவிட்டாள். "ஆமா செல்லம், முழிச்சுத்தான் இருக்கீங்க. நல்லா முழிச்சிருக்கீங்க" என்று சொன்னாள். அது அவன் காதில் விழவில்லை.

கடைவாய்ப் பல் வேர்வரை சீழ் பிடித்திருக்கும் போலிருக்கிறது. விடக்கூடாது என்றாள். மருந்து எழுதிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள். படிக்கட்டில் இறங்கும்போது வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "ஒத்தப் பிள்ளையா இருக்கும்" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

மருந்தைத் துப்பிவிட்டான். சேலையில் ஆரஞ்சுக் கறை. சீருடை வந்துவிட்டது. தோள் தொங்குகிறது. மெலிந்துவிட்டான் போல.

ஜூன் 15, ஞாயிறு

அத்தான் வந்திருந்தார். இனியன் அப்பாவுக்கு மூத்தவர். ஹார்டுவேர் கடைக்கு ஞாயிறு மதியத்துக்குமேல் லீவு. இனியனுக்கு ரஸ்க் பாக்கெட் வாங்கி வந்திருந்தார். அவன் அதைக் கையில் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

நான் டீ போட்டேன். உள்ளே சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தால், கரடி பொம்மையைப் பலகையில் மல்லாத்திப் படுக்கவைத்திருக்கிறான். மூக்கில் பஞ்சு அடைத்திருக்கிறான். என் கர்ச்சீப்பை எடுத்துத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருக்கிறான். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்" என்றான்.

ஒரு கட்டுப் பஞ்சையும் பிய்த்துப் போட்டுவிட்டான். திட்டினேன். எல்லாவற்றையும் பெருக்கிக் குப்பையில் கொட்டினேன். கர்ச்சீப்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். என் பின்னால் வந்து நின்ற அத்தான் கரடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாசலுக்குப் போய்விட்டார். டீ ஆறிவிட்டது. மறுபடி சூடு பண்ணிக் கொடுத்தேன்.

போகும்போது சொன்னார்: "தம்பி போனதுலருந்து இவனுக்கு நீ ரொம்ப எடம் குடுத்துட்ட வடிவு. நான் தப்புச் சொல்லல. ஆனா பல்லுல சீழ்னா சும்மா இல்ல. செவ்வாக்கெழம நானும் வாரேன். கையையும் காலையும் புடிச்சுக்கிட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சுது. நம்மளயெல்லாம் அப்படித்தான் புடிச்சாங்க."

சரி அத்தான் என்றேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் ஒருத்தியாக அவனைப் பிடிக்க முடியாது என்பது புதன்கிழமையே தெரிந்துபோயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தான் டாக்டரிடம் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். "தம்பி தை மாசம் தவறிட்டான் டாக்டர். பஸ் ஸ்டாண்டுலயே நெஞ்சு வலி, உக்காந்தவன் எந்திரிக்கல. தகப்பன் இல்லாத பிள்ளைனு இவ ஒரு வார்த்த அதட்டுறது கெடயாது. அதான் இப்படி ஆடுதான்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர் இருக்கும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

"பிடிக்க வேண்டாம் சார். இன்னைக்குப் பாத்துட்டு மட்டும் விடுறேன்" என்றாள் டாக்டர். என் முழங்காலும் அவள் முழங்காலும் ஒட்ட உட்கார்ந்து, இனியன் கால்கள் என் இடுப்பைச் சுற்றி இருக்க, அவன் தலை அவள் மடியில் வருமாறு சாய்க்கச் சொன்னாள். என் முகம் அவனுக்குத் தெரியும், பயப்பட மாட்டான் என்றாள். முதலில் பயப்படவில்லைதான். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். உதடு லேசாகத் திறந்தது.

ஈரம் உறிஞ்ச டாக்டர் ஒரு பஞ்சுச் சுருளை எடுத்தாள்.

பஞ்சைப் பார்த்ததும் பிள்ளை உதறிக்கொண்டு எழுந்தான். அத்தான் பாய்ந்து அவன் தோளை அமுக்கினார். "விடுங்க சார், விடுங்க" என்கிறாள் டாக்டர். "இப்ப விட்டா எப்பவும் விட்டதுதான்" என்கிறார் அத்தான். நான் யார் பக்கமும் சேரவில்லை. இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் டாக்டர் விரலைக் கடித்துவிட்டான். கையுறைக்குள் ரத்தம் பரவியது தெரிந்தது. அத்தான் அவன் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். என் மடி நனைந்தது. ஒன்றுக்குப் போய்விட்டான்.

பிடி தளர்ந்ததும் ஓடினான். படிக்கட்டு, தெரு, பஸ் திரும்புகிற இடம். செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். ராஜபாளையம் பஸ் கிறீச்சிட்டுப் பிரேக் போட்டது. ஓர் இளநீர்க்காரர் அவனை அள்ளித் தூக்கிவிட்டார். "என்னம்மா, பிள்ளையப் பாத்துக்கிட மாட்டியா?" என்று என்னைத் திட்டினார்.

வாங்கக் கை நீட்டினேன். இனியன் என்னிடம் வரவில்லை. முன்பின் தெரியாத அந்த மனிதர் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

ஜூன் 18, புதன்

படுக்க மாட்டேன் என்கிறான். பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே இருக்கிறான். கண் செருகும்போது தன் கன்னத்தில் தானே தட்டி விழித்துக்கொள்கிறான். பாட்டிலில் பால் கரைத்துச் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அதைச் சப்பினால்தான் உட்கார்ந்தபடியாவது தூங்குகிறான். தை மாசத்திலிருந்து தினமும் அதுதான் நடக்கிறது. டாக்டரிடம் நான் சொன்னது வேறு.

ஜூன் 20, வெள்ளி

டாக்டர் ஹெப்சிபாவே போன் பண்ணினாள். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். இனியன் பக்கத்தில் உட்கார்ந்து மாவில் பாம்பு உருட்டிக்கொண்டிருந்தான்.

"விரல் எப்படி இருக்கு டாக்டர்?" என்றேன்.

"அத விடுங்க டீச்சர். அன்னைக்கு நான்தான் நிறுத்தியிருக்கணும். எனக்கு மனசே சரியில்ல." பிறகு விஷயத்துக்கு வந்தாள். "இவன முழிச்ச நிலையில பண்ண முடியாது. திருநெல்வேலியில எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு. தூங்க வச்சு எல்லாத்தையும் ஒரே தடவையில முடிச்சிரலாம். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

திரும்பினால் பிள்ளையைக் காணோம். மாவுப் பாம்பு மட்டும் பலகையில் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டிருந்தான். தரையில் படுத்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. "தூங்க வைக்காதம்மா. தூங்க வைக்காத. நான் நல்லா இருக்கேன். நான் சப்பாத்தி திங்கேன்."

வெளியே வந்து, நான் சுட்டெடுத்த முதல் சப்பாத்தியைச் சுடச்சுட இடது பக்கம் வைத்தே கடித்துக் காட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முகத்தைச் சுளிக்காமல் மெல்லுகிறான்.

டாக்டருக்குத் திரும்பக் கூப்பிட்டு, வலி குறைந்துவிட்டது, மருந்திலேயே சரியாகிவிடும் போலிருக்கிறது என்றேன். "டீச்சர், அது குறையாது. மறைஞ்சுதான் இருக்கும்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தூங்குவதற்கு ஏன் பயப்படுகிறாய் என்று அவனிடம் கேட்கவில்லை. பாத்திரம் நிறையக் கிடந்தது. விளக்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்கிறான். அழுவதுகூட இல்லை. அழுதால் கூட்டிப்போய்விடுவேன் என்று நினைக்கிறான்.

ஜூன் 24, செவ்வாய்

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் முகம் கழுவ எழுப்பினால் பிள்ளை முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இடது கன்னம் பலூன் மாதிரி பளபளவென்று வீங்கி, கண் முழுக்க மூடிவிட்டது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. "நான் அழலம்மா" என்றான் முதல் பேச்சாக.

டாக்டர் ஹெப்சிபாவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "கிளம்புங்க. ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க. நான் அங்க சொல்லிருதேன்." அத்தான் கடைச் சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டு ஆம்னி வேனை எடுத்துவந்தார். வழியெல்லாம் இனியன் என் மடியில் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தான். தலை துவண்டு துவண்டு விழும். மறுபடி நிமிர்த்திக்கொள்வான்.

நான் அன்றைக்கே சரியென்று சொல்லியிருந்தால் இந்தக் கண் மூடியிருக்காது. வேறொன்றும் யோசிக்க முடியவில்லை.

ஜூன் 25, புதன்

கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "சீழு கண்ணுக்குப் பின்னால போகப் பாக்குது. அங்கயிருந்து மூளைக்கு ரொம்ப தூரம் இல்லம்மா. நாளைக்குக் காலையில மயக்கம் குடுத்து, கீறி விட்டு, கெட்ட பல்லயெல்லாம் எடுத்துரணும். அதுவரைக்கும் பிள்ளைய அமைதியா படுக்க வைங்க."

அமைதியாகப் படுக்க வை என்கிறார்கள். காய்ச்சலோடு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை நான் எப்படிப் படுக்கவைப்பேன்? நர்ஸ் இரண்டு தடவை சாய்த்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஊசியைப் பிடுங்கிவிட்டான். மூன்றாவது தடவை கையை அட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அத்தான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். இனியன் திறந்திருக்கும் ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்தான்.

"பெரியப்பா, என்னத் தூக்கிட்டுப் போகாதீங்க."

"எங்கய்யா தூக்கிட்டுப் போறேன்? இங்கதான இருக்கேன்."

"அப்பாவத் தூக்கிட்டுப் போன மாதிரி."

அத்தான் கை அப்படியே நின்றது.

"அப்பா தூங்கிட்டுத்தான இருந்தாங்க. நீங்க எழுப்பவே இல்ல. வாயக் கட்டி, மூக்குல பஞ்சு வச்சு, எழுப்பாமலே தூக்கிட்டுப் போயிட்டீங்க. அப்பா முழிச்சு, வழி தெரியாமத்தான் வரல."

சாத்துக்குடியைக் கட்டில்மேலேயே வைத்துவிட்டு அத்தான் வெளியே போனார். நர்ஸைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு நானும் போனேன். வராந்தாவில் குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொன்னேன் வடிவு. அன்னைக்கு என் வேட்டியப் புடிச்சுக்கிட்டே நின்னான். அப்பா வாய எதுக்குக் கட்டுதீங்க பெரியப்பானு கேட்டான். என் தம்பிக்கு நான் தாடையக் கட்டிக்கிட்டிருக்கேன், அந்த நேரத்துல வந்து கேக்கான். அப்பா தூங்குதான்ல, எழுப்பாதனு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? நீ உள்ள மயங்கிக் கெடந்த, தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தாங்க. அதோட இவன நான் மறந்தே போயிட்டேன். அந்தக் கரடியப் பாத்தப்பகூட ஒரு வார்த்த கேக்காமத்தான போனேன்?"

ஐம்பது வயது மனிதர், ஆஸ்பத்திரிக் குழாயடியில் தோள் குலுங்க அழுகிறார். எனக்கு அழுகை வரவில்லை.

கரடியை நானும்தான் பார்த்தேன். பஞ்சைப் பெருக்கித் தள்ளினேன். தை மாசத்திலிருந்து, அப்பா எங்கே என்று பிள்ளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று இருந்துவிட்டேன். இந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறேன். 'அவர் இருந்தால்' என்று எழுதியிருக்கிறேன். அத்தான் சொன்னதை அவர் வாயால் எழுதியிருக்கிறேன். நானாக அதை எங்கேயும் எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டார்.

ஜூன் 26, வியாழன்

வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து பால், பால் என்று கேட்டான். கொடுக்கக் கூடாது. அழத் தெம்பில்லாமல் முனகினான்.

நான் சொல்கிறேன் என்று அத்தான் முன்வந்தார். வேண்டாம் அத்தான், நான் சொல்கிறேன் என்றேன். ஆனால் பக்கத்தில் இருங்கள் என்றேன்.

"இனியா, அப்பா தூங்கலய்யா."

ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது.

"அப்பா செத்துப் போயிட்டாங்க. நெஞ்சு நின்னுபோச்சு. தூங்குறவங்களுக்கு மூச்சு வரும், திரும்ப எந்திரிப்பாங்க. செத்துட்டா மூச்சு வராது. எந்திரிக்க முடியாது."

"எழுப்பியிருந்தா?"

"யாரு எழுப்பியிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க. நான் எழுப்பியிருந்தாலும். நீ எழுப்பியிருந்தாலும்."

அத்தானைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப நீங்க பொய் சொன்னீங்களா?"

"ஆமாய்யா. பெரியப்பா பொய்தான் சொன்னேன்."

"வரவே மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அது புதிதாகத் தெரிந்தது மாதிரி இருந்தது.

என்னை அடித்தான். அட்டை கட்டிய கையாலேயே முகத்தில், கழுத்தில், நெஞ்சில் அடித்தான். "நீ ஏன் சொல்லல? நீ ஏன் சொல்லல?" நர்ஸ் ஓடிவந்தாள். விடுங்க சிஸ்டர் என்றேன். டிரிப்ஸ் குழாயில் ரத்தம் ஏறுமளவுக்கு அடித்தான். அடித்துக் களைத்து என் தோளில் தலையைப் போட்டான்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நரைத்த தாடிக்காரர். எல்லாவற்றையும் அத்தான் அவரிடம் சொல்லியிருந்தார். அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "என்ட்ட ஏதாவது கேக்கணுமா தம்பி?" என்றார்.

"வாயக் கட்டுவீங்களா?"

"கட்ட மாட்டேன்."

"மூக்குல பஞ்சு?"

"மூக்குல வைக்க மாட்டேன். வாயில கொஞ்சம் துணி வைப்போம், ரத்தம் உறிஞ்சுறதுக்கு. நீ முழிச்சதும் எடுத்துருவோம். வலிக்கும். வலிக்காதுனு சொல்ல மாட்டேன்."

"எனக்கு மூச்சு வருமா?"

"வரும். ஒரு மெஷின் இருக்கு, உன் நெஞ்சு அடிக்க அடிக்கச் சத்தம் போடும். அதக் கேட்டுட்டு உன் தலைமாட்டுலயே இருப்பேன். எனக்கு வேற வேலையே கெடையாது."

என்னையும் பச்சைக் கவுன் போட்டு உள்ளே விட்டார்கள். மருந்து பால் போல வெள்ளையாக இருந்தது. குழாய் வழியாக அது ஏறுவதை அவனும் பார்த்தான். தைரியமாக இருந்தான் என்று எழுத ஆசைதான். இல்லை. கடைசி நேரத்தில் எழுந்து என்னைப் பிடிக்கப் பார்த்தான். "அம்மா, வேண்டாம், அம்..." என்று பாதி வார்த்தையில் கண் செருகிவிட்டது. கீழ்த்தாடை தொங்கி வாய் தானாகத் திறந்துகொண்டது.

இத்தனை நாள் கெஞ்சியும் திறக்காத வாய். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவருடைய வாயும் அப்படித்தான் திறந்திருந்தது.

வெளியே எப்படி வந்தேன் என்று தெரியாது. சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஸ்டிரெச்சர்கள் போயின, வந்தன. யாரோ டீ வாங்கி வந்து வைத்தார்கள். அந்தக் கதவுக்குள் சத்தம் கேட்கிறதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துவிடுவாய் என்று நான் சொல்லியிருக்கிறேன். எழாவிட்டால் நானும் பொய் சொன்னவள்தான். அதுகூட இல்லை. எழாவிட்டால் நான் இந்தத் தரையைவிட்டு எழ மாட்டேன்.

அப்புறம் கத்தல் கேட்டது. கெட்ட வார்த்தை மாதிரி ஏதோ கத்துகிறான், யாரையோ உதைக்கிறான், "எடு! எடு!" என்கிறான். அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

ஜூன் 27, வெள்ளி

கண் பாதி திறந்துவிட்டது. என்னோடு பேசவில்லை. அத்தானோடும் பேசவில்லை. கஞ்சியை டம்ளரில் குடித்தான். பாட்டில் கேட்கவில்லை. மதியம் தானாகப் படுத்தான். படுத்துத் தூங்கினான்.

ஜூன் 28, சனி

டிஸ்சார்ஜ். டாக்டர் ஹெப்சிபா போனில் பேசினாள். இனியனிடம் கொடுக்கட்டுமா என்றேன். "வேண்டாம் டீச்சர், இப்ப என்னப் பிடிக்காது. மெதுவா வரட்டும்" என்றாள்.

வேன் பாலத்தில் ஏறும்போது இனியன் முதல் தடவையாக எங்களோடு பேசினான். முன்பல் இல்லாததால் வார்த்தைகள் காற்றோடு வருகின்றன.

"பெரியப்பா, அப்பாவ எங்க கொண்டுபோனீங்க?"

அத்தான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

"சுடுகாட்டுக்குய்யா. அங்க வச்சு எரிச்சோம்."

"சுட்டிருக்குமா?"

"சுடாது. செத்தவங்களுக்குச் சுடாது, வலிக்காது."

"பல்லெல்லாம்?"

"எல்லாந்தான். சாம்பலா எடுத்து இந்த ஆத்துலதான் கரைச்சோம்."

"எறங்கணும்" என்றான்.

அத்தான் வண்டியை ஓரங்கட்டினார். படித்துறையில் நாலைந்து பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தாமிரபரணியில் தண்ணீர் குறைவுதான். பாறைகளுக்கு நடுவே ஓடியது. இனியன் கடைசிப் படிவரை இறங்கினான். சட்டையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

குனிந்து தண்ணீரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு உரக்க, "அப்பா!" என்று கூப்பிட்டான். துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். மறுபடி கூப்பிடவில்லை. ஈரப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். சத்தம் போடாமல், பெரியவர்கள் அழுவது போல. நான் அடுத்த படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கும் வந்தது. தை மாசத்திலிருந்து வராதது எல்லாம் வந்தது. யார் யாரைத் தேற்றுவது என்று இல்லை. அத்தான் மேலே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அழுது முடித்து மூக்கைச் சட்டையில் துடைத்தான். நாக்கால் வாய்க்குள் எதையோ தடவிக்கொண்டே இருந்தான்.

"அம்மா, தையல் குத்துது."

"எங்கய்யா?"

"இங்க. பாரு."

வாயைத் திறந்தான். நான் எதுவும் சொல்லவில்லை, அவனாகத் திறந்தான். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். முன்னால் நான்கு பல் இருந்த இடம் காலியாக, ஈறு கன்றிச் சிவந்து கிடந்தது. கடைவாயில் கறுப்பு நூல் முடிச்சு ஒன்று நாக்கில் இடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் திற" என்றேன்.

திறந்தான்.